புளியங்குடி பஸ் மூன்று நிமிடம் தாமதம்

1

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தோம். மார்ச் மாதத்தில் முன்னால் தள்ளுவது, நவம்பரில் பின்னால் இழுப்பது. எங்கள் ஊர் சங்கரன்கோவிலில் யாரிடம் சொன்னாலும் நான் கதை விடுவதாகத்தான் நினைப்பார்கள். விடியற்காலை இரண்டு மணி ஆனதும் அதை மூன்று மணி என்று வைத்துக்கொள்ளச் சொல்லி அரசாங்கமே சொல்கிறது, நாங்களும் வைத்துக்கொள்கிறோம். மற்றவர்களுக்கு அதனால் ஒரு மணி நேரத் தூக்கம் போகும், அவ்வளவுதான். எனக்கு அப்படி விட முடியாது. கனடாவில் இந்த வினிபெக் நகரத்தில் நான் டவுன் பஸ் ஓட்டுகிறேன். அந்த ஞாயிறு எங்கள் தடத்தில் முதல் வண்டி என்னுடையது.

கைபேசி தானாகவே நேரத்தை மாற்றிக்கொள்ளும். அடுப்புக்கு மேலே இருக்கும் கடிகாரத்தைக் கையால்தான் மாற்ற வேண்டும். முதல்நாள் சாயங்காலமே என் மகள் கோமதி ஸ்டூல் போட்டு ஏறி மாற்றினாள். ஒன்பது வயது. இறங்கிவந்து, "இனிமே மாமாக்கும் நமக்கும் பத்தரை மணி நேரம்தான். பதினொன்றரை இல்ல" என்று எங்களுக்கு அறிவித்துவிட்டுப் போனாள். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே பிள்ளைக்கு இதே கணக்கைப் புரியவைக்க நாங்கள் பட்ட பாடு இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது. அந்தப் பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன். என்னுடைய பெருமையும் இதில் கொஞ்சம் வரும். வந்தால் வரட்டும்.

2

எனக்கு ஒரே ஒரு அண்ணன். பெயர் சங்கரலிங்கம். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று நோட்டில் எழுதுவதும், நேரம் வந்ததும் விசிலடித்து வண்டியைக் கிளப்புவதும் அவர் வேலை. எங்கள் பக்கம் பஸ் நேரம் என்பது சாதாரண விஷயம் இல்லை. முன்னால் போகிற வண்டி ஒரு நிமிடம் கூடுதலாக நின்றால் பின்னால் வருகிற வண்டிக்கு ஆள் கிடைக்காது. ஒரு நிமிடத்துக்காகக் கண்டக்டர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன். அண்ணன் யாருக்கும் அரை நிமிடம் கொடுக்க மாட்டார். "லிங்கத்துக்கிட்ட டீ வாங்கிக் குடிச்சிரலாம், நிமிஷம் வாங்க முடியாது" என்று டிரைவர்கள் சொல்வார்கள்.

அவருடைய மகள் செல்வி. என் மகளைவிட மூன்று வயது மூத்தவள். கோமதிக்கு ஊரோடு இருந்த ஒரே பிடி அந்த செல்விதான். நாங்கள் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீஷில் பதில் சொல்லத் தொடங்கியிருந்தாள். அப்பாவிடம் இங்கிலீஷ், என்னிடம் பாதிப் பாதி. செல்வியிடம் மட்டும் முழுத் தமிழ். வேறு வழி இல்லை, செல்வி விடமாட்டாள். "எனக்கு வெளங்குற மாதிரி பேசுடி" என்பாள். இங்கே இரவு எட்டு மணிக்கு அங்கே காலை ஏழரை. செல்வி பள்ளிக்கூடம் கிளம்புவாள், கோமதி படுக்கப் போவாள். இரண்டுக்கும் நடுவில் பத்து நிமிடம் பேசிக்கொள்வார்கள்.

கோமதிக்கு ஏழு வயதாகும்போது ஒருநாள் கேட்டாள்: "செல்விக்கா மட்டும் ஏன் எப்பவும் நாளைக்குள்ள இருக்காங்க?"

நாளைக்குள்ளே இருப்பது! எனக்குச் சிரிப்பு வந்தது. அவளைச் சுழலும் நாற்காலியில் உட்காரவைத்தேன். எதிரே மேசை விளக்கைப் போட்டேன். "உன் மூக்குதான் வினிபெக். உன் குடுமி இருக்குல்ல, அது சங்கரன்கோவில். விளக்கு சூரியன்" என்று சொல்லி நாற்காலியை மெல்லச் சுற்றினேன். மூக்குக்கு வெளிச்சம் வந்தால் குடுமிக்கு இருட்டு. குடுமிக்கு வெளிச்சம் வந்தால் மூக்குக்கு இருட்டு. அவளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. பல நாட்கள், சாப்பிடும்போது குடுமியைத் தொட்டு, "மாமா தூங்குறாங்க, சத்தம் போடாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் அந்த அரை மணி நேரம் மட்டும் அவளுக்கு உதைத்தது. பதினொன்று சரி, அது என்ன அரை? "அங்க அவ்வளவு பெரிய நாடு முழுக்க ஒரே நேரம்தான். அசாமுக்கும் அதுதான், குஜராத்துக்கும் அதுதான். எல்லாருக்கும் பொதுவா நடுவுல ஒரு இடத்தைப் பிடிச்சாங்க. அது அரையில விழுந்துட்டு" என்றேன். இங்கே ஒரே நாட்டுக்குள் ஊருக்கு ஊர் நேரம் மாறும். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப அங்க சண்டையே வராது" என்றாள்.

அண்ணனும் தன் பங்குக்கு விளக்கினார். பஸ் ஸ்டாண்டிலிருந்தே பேசினார். பின்னால் ஹார்ன் சத்தம்.

"மருமகளே, நல்லா கேட்டுக்க. சூரியன் ஒரு பஸ்சுன்னு வச்சுக்க. மொதல்ல நம்ம ஸ்டாண்டுக்கு வருது. பெறகு புளியங்குடி. பெறகு மலையத் தாண்டி கேரளா, கடல், அப்படியே ஒவ்வொரு ஊரா நின்னு நின்னு ஒங்க ஊருக்கு வந்து சேர பதினொன்றரை மணி நேரம் ஆவுது. அவ்வளவுதான் சங்கதி."

"மாமா, சூரியன் நகராதுன்னு டீச்சர் சொன்னாங்க."

"நகரலன்னா என்ன, நேரத்துக்கு வருதுல்லா?"

"லேட்டா வராதா?"

"இத்தன வருஷத்துல அதுக்கு மட்டும் நான் லேட் எழுதுனதே கெடையாது."

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அவள் புரிந்துகொண்டது வேறு என்பது பிறகுதான் தெரிந்தது.

3

நான் பஸ் ஓட்ட வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். இங்கே வந்த புதிதில் ஒரு ரொட்டிக் கிடங்கில் வேலை பார்த்தேன். காலை ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஜனவரி மாதம், மூக்குக்குள் ஈரம் உறைகிற குளிர். ஒருநாள் நான் பனியில் ஓடிவருவதைப் பார்த்து வண்டி நின்றது. ஏறினேன். ஓட்டுநர் ஒரு பெண், ஐம்பது வயது இருக்கும். "மெதுவாக வா, நீ வராமல் போக மாட்டேன்" என்றார். கண்ணாடிக்குள் தெரிந்த அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு பெரிய வண்டியை ஒரு கையால் வளைத்தார். வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னேன், நான் பஸ் ஓட்டப் போகிறேன் என்று. அவர் ஜன்னல் செய்கிற தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துத் தூக்கக் கலக்கத்தில் இருந்தார். "முதல்ல கார் ஓட்டு" என்றார். ஓட்டினேன். நாலு வருடம் கழித்து பஸ் உரிமத்துக்கு விண்ணப்பம் வாங்கினேன்.

விண்ணப்பத்தில் முதல் தகராறு பெயரில் வந்தது. நான் சு. மாரியம்மாள். இங்கே முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம். அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டே ஆகவேண்டும். அதன்படி நான் மாரியம்மாள் சுப்பையா ஆனேன். அதோடு விட்டார்களா? மாரியம்மாள் அவர்கள் வாயில் நுழையவில்லை. பயிற்சி வகுப்பில் எல்லாரும் என்னை "சுப்பையா" என்றே கூப்பிட்டார்கள். முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. எங்கள் அப்பா அடுத்தவர் ஷெட்டில் விசைத்தறி ஓட்டியவர். வேலைக்கு நிற்கும் இடத்தில் முதலாளி "ஏலே" என்றுதான் கூப்பிடுவார். பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இங்கே, "குட்மார்னிங், சுப்பையா" என்று ஒவ்வொரு நாளும் ஒருவர் சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் கூச்சம் போய்விட்டது. யாரையும் திருத்தவேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

முதல் தேர்வில் தோற்றேன். வண்டியை எடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு பாகத்தையும் சோதித்து, என்ன செய்கிறோம் என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எஞ்சினைக் கிளப்பினேன். நம்மூரில் அதை எப்படிச் சொல்வோம்? செல்ஃப் எடுக்குது என்போம். அதை அப்படியே இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். தேர்வாளர் நரைத்த தாடிக்காரர், பேச்சுக் குறைந்தவர். காகிதத்திலிருந்து தலையைத் தூக்கி, "உங்களுக்கு உடம்பு ஒன்றும் இல்லையே?" என்று கேட்டார். அதன்பிறகு எனக்கு நாக்கு எழவில்லை. பிரேக் சோதனையில் இரண்டு படிகளை விட்டேன்.

வீட்டில் கோமதி ஒரு தாளில் படம் வரைந்து குளிர்பெட்டியில் ஒட்டினாள். சக்கரம், விளக்கு, சாவி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இங்கிலீஷ் பெயர். சாவிப் படத்துக்குப் பக்கத்தில், "ஸ்டார்ட்டர். செல்ஃப் இல்லை" என்று பெரிய எழுத்தில். தோசை ஊற்றும்போது கேள்வி கேட்பாள். தப்பாகச் சொன்னால் தட்டை நகர்த்திவிடுவாள்.

இரண்டாவது தேர்வில் சொல்ல வேண்டியதையெல்லாம் சரியாகச் சொன்னேன். வலது பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் நடைபாதை ஓரத்தில் ஏறி இறங்கியது. அதற்கே தோல்வி, வேறு எதையும் பார்க்க மாட்டார்கள்.

அன்றைக்கு அண்ணனிடம் அழுதேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு, புளியங்குடி பஸ் ஓட்டும் கணேசன் அண்ணாச்சி கையில் கொடுத்துவிட்டார்.

"தாயீ, திரும்பும்போது எங்கன பாத்தே?"

"ரோட்டப் பாத்தேன் அண்ணாச்சி."

"அதான் ஏறிட்டு. முன் வீலு உன் பேச்சக் கேக்கும், பின் வீலு கேக்காது. நீ வளைஞ்ச பெறகும் கண்ணு கண்ணாடியிலயே இருக்கணும். பின் வீலு மூலையத் தாண்டுத வரைக்கும் ஒரு மனுசன் கூப்பிட்டாலும் திரும்பாத."

பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் ஏதோ சொன்னார்கள். பஸ் ஸ்டாண்டில் இருந்த டிரைவர்கள் எல்லாரும் என் பின்சக்கரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. லிங்கத்தின் தங்கச்சி கனடாவில் பஸ் ஓட்டப் போகிறாள் என்பது அங்கே ஊர்ச் செய்தி ஆகியிருந்தது. மூன்றாம் தடவையும் தோற்றால் திரும்ப ஆறு மாதம் காத்திருக்க வேண்டும், பயிற்சி வகுப்பில் என் இடமும் போய்விடும். இதை நான் அண்ணனிடம் சொல்லவில்லை.

4

மூன்றாவது தேர்வு பிப்ரவரியில், ஒரு புதன்கிழமை காலை எட்டு மணிக்கு. முதல்நாள் செவ்வாய் இரவு எட்டு மணி இருக்கும். நான் அடுப்பங்கரையில் மறுநாளைக்குச் சோறு கட்டிக்கொண்டிருந்தேன். கோமதி சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து செல்வியோடு பேசிக்கொண்டிருந்தாள். அங்கே செல்விக்கு அவள் அம்மா தலை பின்னுகிற நேரம்.

"செல்விக்கா, அங்க புதன்கிழமை வந்திடுச்சா?"

"காலைலயே வந்துட்டு. ஏன் கேக்க?"

"எங்க அம்மாக்கு புதன்கிழமைதான் டெஸ்ட். அம்மா பாஸா?"

என் கை நின்றுவிட்டது. நாற்காலியில் வைத்துச் சுற்றியது, அண்ணன் சூரியனை பஸ் ஆக்கியது எல்லாவற்றையும் சேர்த்து இந்தப் பிள்ளை இதைத்தான் புரிந்துகொண்டிருக்கிறது. செல்வி நாளைக்குள்ளே இருக்கிறாள். அப்படியானால் நாளைக்கு நடப்பது அவளுக்குத் தெரியும்.

நான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அங்கே புதன்கிழமை வந்துவிட்டாலும் என் தேர்வு இன்னும் வரவில்லை, அது அங்கே சாயங்காலம் ஏழரைக்குத்தான் வரும், அவர்களுக்கும் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. அந்தப் பக்கம் செல்வியும் பத்து வயதுப் பிள்ளை. அவள் சொன்னாள்:

"பாஸாயிட்டாகடி."

"நிஜமா?"

"நான் எதுக்குப் பொய் சொல்லுதேன். ஆனா அத்தைட்ட இப்ப சொல்லாத. நாளைக்கு அவுகளே தெரிஞ்சுக்கிடட்டும்."

கோமதி போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, என் இடுப்பைக் கட்டிப்பிடித்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். முந்தின இரண்டு தேர்வுக்கும் நான் இப்படிப் பயந்ததில்லை. அப்போதெல்லாம் தோற்றால் தோற்றது நான் மட்டும். இப்போது தோற்றால் செல்வி பொய்க்காரி ஆகிவிடுவாள்.

5

காலையில் பயங்கரக் குளிர். கணவர் காரில் கொண்டுபோய் விட்டார். கோமதி பின்சீட்டில் இருந்து கையாட்டினாள். போன இரண்டு தடவையும் "நல்லா பண்ணுங்க" என்று சொன்னவள் இந்தத் தடவை சொல்லவில்லை. ஏற்கெனவே முடிந்துபோனதற்கு யார் வாழ்த்துச் சொல்வார்கள்?

அதே தாடிக்காரர். "சுப்பையா" என்று கூப்பிட்டார். எழுந்து போனேன். வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னேன். ஸ்டார்ட்டர் என்ற வார்த்தை வந்தபோது எனக்குத் தோசைத் தட்டுதான் தெரிந்தது. பிரேக்கில் காற்று ஏறுவதையும் இறங்குவதையும் முள்ளைப் பார்த்துச் சொன்னேன். ஒரு படியும் விடவில்லை.

தெருவில் இரண்டு பக்கமும் பனியை வழித்துக் குவித்திருந்தார்கள். பாதை பாதியாகச் சுருங்கியிருந்தது. ரயில் தண்டவாளத்துக்கு முன்னால் நிறுத்தி, கதவைத் திறந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டு எடுத்தேன். அதன்பிறகு ஒரு பள்ளிக்கூடத்துப் பக்கம் வலது திருப்பம். போன தடவை ஏறிய அதே மாதிரித் திருப்பம், போதாக்குறைக்கு மூலையில் பனிக்குவியல். வண்டியை நன்றாக முன்னால் கொண்டுபோய்ப் பிறகு வளைத்தேன். கண்ணைக் கண்ணாடியிலிருந்து எடுக்கவில்லை. பின்சக்கரம் பனிக்குவியலை ஒட்டி, ஒரு சாண் இடைவெளியில் நகர்ந்தது. தாடிக்காரர் ஏதோ சொன்னது போல இருந்தது. நான் திரும்பவில்லை. சக்கரம் மூலையைத் தாண்டிய பிறகுதான், "மன்னிக்கவும், என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டேன்.

"ஒன்றும் இல்லை. நன்றாக வளைத்தீர்கள் என்றேன்" என்றார்.

திரும்பி வந்து வண்டியை நிறுத்தியதும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தேர்ச்சி. ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். அவர் கீழே இறங்கி, கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டு அந்தக் குளிரில் போய் நின்றுகொண்டார். நான் அழுதுகொண்டே போனை எடுத்து அண்ணனை அழைத்தேன். மணி ஒன்பது பத்து.

6

அந்தப் பக்கம் நடந்ததை எனக்குச் செல்விதான் முழுதாகச் சொன்னாள். அவள் அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் இருந்தாள். அப்பாவுக்கு ராத்திரிச் சாப்பாடு கொண்டுபோகும் அம்மாவோடு, நானும் வருவேன் என்று அடம்பிடித்து வந்திருக்கிறாள். வீட்டில் உட்கார முடியவில்லை. வந்ததும் அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"அப்பா, நான் கோமதிட்ட அத்தை பாஸுன்னு சொல்லிட்டேன்."

அண்ணன் அவளையே பார்த்திருக்கிறார். "சொன்னது சொல்லிட்டே. இனிமே ஒங்க அத்தை பாத்துக்கிடுவா" என்றாராம்.

அங்கே மணி எட்டு நாற்பது. புளியங்குடி பஸ் கிளம்புகிற நேரம். கணேசன் அண்ணாச்சி எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார். வண்டியில் பாதி ஆள். அண்ணன் கடிகாரத்தைப் பார்த்து, விசிலை வாயில் வைத்தார். அப்போது போன் அடித்தது. விசிலை எடுக்காமலே போனைக் காதில் வைத்துவிட்டார். என் காதில் பாதி விசில் கேட்டது.

என்னால் பேச முடியவில்லை. அழுகைச் சத்தம் மட்டும்தான் போயிருக்கும்.

"ஏட்டி மாரி, அழாத. போனா போவுது. ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாத்துக்கிடலாம்."

ஆறு மாதக் கணக்கு அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் சொல்லாததை என் கணவர் சொல்லியிருக்கிறார்.

"பாஸ் அண்ணே."

அந்தப் பக்கம் ஹார்ன் சத்தம், யாரோ தென்காசி தென்காசி என்று கூவுகிற சத்தம். பிறகு எஞ்சின் ஒன்று அணைந்தது. கணேசன் அண்ணாச்சி வண்டியை அணைத்துவிட்டு இறங்கி வந்து போனை வாங்கினார்.

"பின் வீலு ஏறலல்லா?"

"ஏறல அண்ணாச்சி."

"அது போதும் தாயீ" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாராம். பஸ்ஸில் இருந்த ஒரு அம்மா ஜன்னல் வழியாக, ஏன் வண்டியை அணைத்தீர்கள் என்று கேட்டாள். கண்டக்டர் விஷயத்தைச் சொன்னார். "நம்ம ஊருப் பிள்ளையா? அப்பம் நிக்கட்டும்" என்றாளாம் அவள். பின்னால் நின்ற தனியார் வண்டிக் கண்டக்டருக்குத்தான் பொறுக்கவில்லை. "எங்க நேரத்தத் திங்கியளா வே?" என்று சத்தம் போட்டான். அவன் சொன்னதிலும் நியாயம் உண்டு.

வண்டி எட்டு நாற்பத்து மூன்றுக்குக் கிளம்பியது. அண்ணன் பேனாவை எடுத்ததும் கணேசன் அண்ணாச்சி படிக்கட்டில் நின்றபடி, "எட்டு நாப்பதுன்னே போட்டிரும். யாரு பாக்கப் போறா" என்றிருக்கிறார்.

"எட்டு நாப்பத்தி மூணுக்குத்தான் போறீரு. அதத்தான் எழுதுவேன்" என்றார் அண்ணன். எழுதினார்.

7

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கோமதியிடம் தேர்ச்சிக் காகிதத்தைக் காட்டினேன்.

"எனக்கு நேத்தே தெரியும்" என்றாள்.

அப்போதாவது நான் உண்மையைச் சொல்லவேண்டும் அல்லவா? சொன்னேன். செல்வி சொன்னபோது அங்கே யாருக்கும் தெரியாது, தேர்வே நடக்கவில்லை என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப பொய்யா?" என்று கேட்டாள். மூன்று நாள் செல்வியோடு பேசவில்லை. இரவு எட்டு மணிக்குப் போன் அடிக்கும், இவள் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்வாள். என் சந்தோஷத்தில் ஒரு கல் விழுந்தது போல ஆயிற்று. அவள் முழுத் தமிழ் பேசுகிற ஒரே ஆளையும் நானே பறித்துவிட்டேனோ என்று இருந்தது.

அதற்குள் ஊரில் தனியார் வண்டிக்காரன் புகார் கொடுத்துவிட்டான். மூன்று நிமிடம் தாமதம் ஏன் என்று எழுத்தில் விளக்கம் கொடுக்கும்படி போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளர் அண்ணனைக் கேட்டார். இத்தனை வருட வேலையில் அண்ணன் எழுதிய முதல் விளக்கக் கடிதம். அனுப்புவதற்கு முன்னால் அதை எங்களுக்கு வாசித்துக் காட்டும்படி செல்வியிடம் சொன்னார். சனிக்கிழமை. நான் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன். கோமதி முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். செல்வி பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிப்பது போல வாசித்தாள்.

"ஐயா, மேற்படி தேதியில் இரவு 8.40 மணிக்குப் புறப்பட வேண்டிய புளியங்குடி பேருந்து 8.43 மணிக்குப் புறப்பட்டது உண்மை. அதே 8.40 மணிக்கு, கனடா நேரம் காலை 9.10 மணிக்கு, எனது உடன்பிறந்த தங்கை சு. மாரியம்மாள் அந்நாட்டில் பேருந்து ஓட்டுநர் தேர்வில் தேர்ச்சி பெற்ற செய்தி தொலைபேசியில் வந்தது. விசிலடிக்க என்னால் இயலவில்லை. ஓட்டுநர் மீது தவறு இல்லை. தவறு என்னுடையது. இப்படிக்கு, சு. சங்கரலிங்கம், நேரக் காப்பாளர்."

கோமதியின் கை நின்றது. "அந்த பஸ் எதுக்கு நின்னுச்சு?" என்று என்னிடம் கேட்டாள்.

"நான் பாஸ்னு சொன்னதுக்கு."

"அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதான். வண்டிக்குள்ள உக்காந்து அழுதுட்டு இருந்தேன்."

"அது காலைல. அந்த பஸ் நின்னது நைட்."

"ஆமா."

"அப்ப எது முன்னாடி?"

"ரெண்டும் ஒரே நேரம். நான் அழுதுட்டு இருந்தப்பவே அந்த பஸ் அங்க நின்னுட்டு இருந்துச்சு. நாம அத ஒன்பது பத்துன்னு சொல்லுதோம். அவங்க எட்டு நாப்பதுன்னு சொல்லுதாங்க. அவ்வளவுதான்."

பென்சிலைக் கீழே வைத்தாள். குடுமியைத் தொட்டாள், மூக்கைத் தொட்டாள், எதையோ கணக்குப் போட்டாள். "அப்ப அவங்க நாளைக்குள்ள இல்ல" என்றாள் மெதுவாக. "நம்ம கூடத்தான் இருக்காங்க."

நாற்காலியாலும் விளக்காலும் முடியாதது, புளியங்குடி பஸ் மூன்று நிமிடம் நின்றதில் அவளுக்கு விளங்கியது.

மேலாளரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மறுநாள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தாராம். "எதுக்கு வே ரெண்டு நேரம் போட்டிருக்கீரு?" என்று கேட்டிருக்கிறார். "ரெண்டும் சரியான நேரம் சார்" என்றார் அண்ணன். இனிமேல் இப்படி நடக்கக் கூடாது என்று வாய்மொழியாக எச்சரித்துவிட்டு, அண்ணன் கதவுப் பக்கம் போனதும் கூப்பிட்டு, "அங்கன பஸ்சுக்கு கியர் உண்டா?" என்று விசாரித்தாராம்.

ஆனால் அந்தச் சனிக்கிழமையில் எனக்கு மறக்காமல் இருப்பது, கடிதம் வாசித்து முடித்த பிறகு நடந்ததுதான். கோமதி போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"செல்விக்கா, நீ அன்னைக்குச் சொன்னப்ப அம்மா டெஸ்ட்டுக்கே போகல. உனக்குத் தெரியாது."

"தெரியாதுதான்."

"தெரியாம எப்படிச் சொன்னே?"

செல்வி சொன்னாள்: "டெஸ்ட்டப் பத்தித்தான்டி தெரியாது. அத்தையத் தெரியும்லா."

கோமதி என்னைப் பார்த்தாள். நான் பாத்திரம் தேய்ப்பது போலக் குனிந்துகொண்டேன்.

"எனக்கும் தெரியும்" என்றாள் போனில். பிறகு வழக்கம் போல இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள். பத்து நிமிடம் தாண்டியும் நான் நிறுத்தச் சொல்லவில்லை.